படகுத்துறைப் பலகையில் ஒரு திருத்தம்

எங்கள் மியூசியத்துக்குக் கூட்டம் வருவதற்கு முதல் காரணம் சுண்டல்தான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வரலாற்றுப் பேச்சு என்றால் எட்டுப் பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் என் பழைய மாணவர்களாக இருப்பார்கள். முடிந்ததும் பட்டாணிச் சுண்டலும் காபியும் உண்டு என்று வாசலில் எழுதி வைத்த பிறகு அறுபது பேர் வந்தார்கள். சுண்டல் செய்தவள் என் மனைவி நீரஜா. இப்போது அவள் பெங்களூரில் பெண் வீட்டில் இருக்கிறாள், அதனால் வெளியில் சொல்லி வாங்குகிறோம். தேங்காயே போடுவதில்லை.

கீர்த்தி, நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கமிட்டிக்கு நீங்கள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பொன்மணியின் மேல்முறையீட்டை எடுத்து நடத்தும் வக்கீலும் நீங்களே. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் நகலை நீங்கள் என் ஃபைலில்தான் கண்டெடுத்தீர்கள். அதை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவனுக்கு எழுதிய காகிதத்தைக் கிழிக்கக் கை வருவதில்லை.

நிகழ்ச்சியின் பெயர் 'மாதம் ஒரு தெரு'. இரண்டாவது ஞாயிறு ஏதாவது ஒரு தெருக்காரர்களை அழைப்போம். எங்கள் வீட்டுக் கீழ்க்கூடம்தான் மியூசியம், அங்கே எட்டு மீட்டர் காடாத் துணியை விரித்து, தெருவை மட்டும் ஒரு கோடாக நான் போட்டுக் கொடுப்பேன். மற்றதெல்லாம் அவர்கள் வேலை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் வீட்டை வரைய வேண்டும். உள்ளே யார் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வருடம் வந்தார்கள் என்று எழுத வேண்டும். மாட வீதிக்காரர்கள் சுத்தமாக வரைவார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று சண்டை வரும். நொச்சிக்குப்பத்துக்காரர்கள் வந்தபோது வீட்டைவிடப் படகைப் பெரிதாக வரைந்தார்கள்.

தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நான் ஒன்று சொல்வேன். "இது தாலுகா ஆபீஸ் இல்ல, ரேஷன் கடையும் இல்ல. இங்க யாருக்கும் பயப்பட வேண்டாம். உள்ளத உள்ளபடி எழுதுங்க. இங்க எழுதுறது இந்த வீட்டத் தாண்டிப் போகாது." இந்த வாக்கியங்களை அமைத்தவன் நான்தான். மனப்பாடமாகச் சொல்வேன்.

2022 ஜூலையில் செல்லியம்மன் திட்டுக்காரர்களை அழைத்தோம். அடையாற்றங்கரையில் அறுபத்துநாலு வீடுகள். அன்றைக்குத்தான் சின்னப்பையன் வந்தார். எழுபது வயது, பெயின்டர் வேலை பார்த்து ஓய்ந்தவர். எழுபது வயதில் சின்னப்பையன் என்று பெயர் சொல்லிவிட்டு, நாம் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். துணியைச் சுற்றி வந்து பார்த்தவர் என்னிடம் கையை நீட்டினார். "இன்னா சார், தெரு போட்டுக்கீற, ஆறு எங்க கீது? ஆறு இல்லாம திட்டு எப்டி?" நீலப் பேனாவை வாங்கி, எட்டு மீட்டருக்கும் மண்டியிட்டபடியே நகர்ந்து ஆற்றை வரைந்தார்.

பிறகு தன் வீட்டை வரைந்தார். அதை ஒட்டி அவருடைய மகள் பொன்மணியின் வீடு. புருஷன் விட்டுப் போன பிறகு மூன்று வயதுப் பெண்ணோடு அப்பாவிடம் திரும்பி வந்தவள். வருடம் எழுதும் இடத்தில் அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நைனா, ஒம்போதுன்னு போடு. கார்டுல அப்டித்தானே கீது."

"அது கார்டுக்கு," என்றார் அவர். "இது மியூசியம். சார் இன்னா சொன்னாரு? உள்ளத எழுதுன்னாரு. நாளைக்கு உன் பொண்ணு வந்து பாக்கும்ல."

2017 என்று எழுதினார். எனக்கு மெய்சிலிர்த்தது. என் வகுப்பில் உட்கார்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் புகட்ட முயன்றதை, பள்ளிக்கூடமே போகாத ஒருவர் என் கண் முன்னால் செய்தார்.

அதன் பிறகு அவர் ஒரு இரண்டாவது ஞாயிறைக்கூட விட்டதில்லை. மூன்று மணிக்கே வந்து நாற்காலி போடுவார், துணியின் ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்து உதறுவோம். நீரஜா அவருக்கென்று காரம் கூட்டி ஒரு கிண்ணம் சுண்டல் தனியாக எடுத்து வைப்பாள். எனக்கு நண்பர்கள் அதிகமில்லை. இவர் இருந்தார். அவர்மேல் எனக்குப் பிரியம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மேற்கொண்டு சொல்லப்போவதை வைத்து இதை நீங்கள் அடித்துவிடக் கூடாது.

மியூசியத்தில் நுழைந்ததும் இடது பக்கம் தெரியும் பெரிய பலகை என்னுடையது. பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கும் படகுத்துறை எங்கே இருந்தது என்பதைப் பற்றியது. பன்னிரண்டு வருட உழைப்பு. பழைய நில அளவை வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, துறை செல்லியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இருந்தது என்று நிறுவியிருந்தேன். 2024 ஜனவரி நிகழ்ச்சியில் கூடம் நிறைந்திருந்தது, வட்டாரப் பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். பொன்மணியின் பெண் தமிழ்நிலா, அப்போது அவளுக்குப் பத்து வயது, பலகையை எழுத்துக்கூட்டாமல் தாத்தாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கெழக்கயா?" என்றார் சின்னப்பையன். "தப்பு சார் அது. தொற கோயிலுக்கு மேக்கால, அரச மரத்தாண்ட. எங்க நைனாதான தோணி வலிச்சிக்கினு இருந்தாரு. கல்லு நட்டு, அதுல இரும்பு வளையம் மாட்டி வெச்சிருந்தாரு தோணி கட்ட. அதும்மேல குந்திக்கினு நான் மீன் புடிச்சிக்கீறேன். கெழக்க பூரா சேறு சார்."

அந்தக் கல் இப்போது எங்கே என்று நான் கேட்டேன். ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி அது.

"நம்ம தங்கவேல் ஊட்டுக்கு அடியில கீது. வேணும்னா ஊட்ட இடிச்சிப் பாரு சார்."

கூடமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் பத்திரிகையில் அவர் படம் வந்தது, என் பலகையை நோக்கி விரலை நீட்டியபடி. படத்தின் ஓரத்தில் என் முழங்கை இருந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார். "கோவமா சார்?" என்றார். இல்லை என்றேன். "கோவம்தான். மூஞ்சி சொல்லுதே. நான் இன்னா படிச்சவனா? கண்ணால பாத்தத சொன்னேன். நீ பலகைய மாத்தாத சார், அப்டியே இருக்கட்டும்." என் பலகையை அப்படியே வைத்துக்கொள்ள அவர் எனக்கு அனுமதி கொடுத்தார். நான் பழத்தை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டேன். இருவரும்தான் சாப்பிட்டோம்.

மார்ச் மாதம் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யும் பட்டியலைத் திட்டில் ஒட்டினார்கள். 2015 வெள்ளத்துக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, பிறகு வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு அழைக்கப் போயிருந்த நான் பட்டியலைப் படித்தேன். சின்னப்பையன், பிறந்ததிலிருந்து. பொன்மணி, 2009 முதல், தனிக் குடும்பம். அன்றைக்குப் பொன்மணி எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். "எனக்கும் என் புள்ளைக்கும் கதவு வெச்ச ஊடு சார்," என்றாள். அவள் வீட்டு வாசலில் அதுவரை சாக்குத்தான் தொங்கியது.

என் கண்ணுக்குத் தப்பு தெரியாமல் போவதில்லை. அது ஒரு வியாதி என்று நீரஜா சொல்வாள். டீயைக் குடிக்கும்போதே எனக்கு அந்த இரண்டு வருடங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன, துணியில் 2017, சுவரில் 2009.

ஏப்ரலில் வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து எங்கள் துணியைப் பற்றி விசாரித்தார்கள், நான் பதில் கொடுத்தேன் என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. யாரும் விசாரிக்கவில்லை. நானாகத்தான் ஆட்டோ பிடித்துப் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட நேரம் இருந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதம், துணியின் புகைப்படம், மியூசியத்தின் முத்திரை. 'ஆவணங்களின் துல்லியம் கருதி' என்று தொடங்கியிருந்தேன். கீழே, குருபிரசாத், கௌரவக் காப்பாளர்.

நான் எந்தப் பொய்யும் எழுதவில்லை. ஒரு வருடம் தப்பாக இருந்தது, சரியான வருடத்தைச் சொன்னேன். யாருடைய வருடம் என்று பார்த்துத் திருத்த ஆரம்பித்தால் சரித்திரம் என்று ஒன்று மிஞ்சாது. 2017 என்பது என் கற்பனை இல்லை, அவருடைய கையெழுத்து. பட்டியலில் ஒரு எண் மாறும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சின்னப்பையன் பொய்த் தகவல் கொடுத்தார் என்று சொல்லி அவருடைய வீட்டையும் சேர்த்து, இரண்டையும் மறு விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடிவதற்குள் அக்டோபர் வந்தது, ஜேசிபியும் வந்தது. அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களை டோக்கன் கொடுத்து லாரியில் ஏற்றினார்கள். இவர்கள் இரண்டு குடும்பமும் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று பேர்தான், அவர், பொன்மணி, தமிழ்நிலா.

அந்த மாதம் இரண்டாவது ஞாயிறும் அவர் வந்தார். நனைந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு நாற்காலி போட ஆரம்பித்தார்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான் சார்," என்றார். "மியூசியத்துலேர்ந்துதான் போச்சின்றாங்க நம்ம ஜனங்க. நான் சண்டைக்கே போயிட்டேன். சார் வாக்கு குடுத்தாருடா, அங்கேர்ந்து போவாதுன்னு சொன்னேன்."

நான் துணியின் என் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் முனையை உதறினார், நானும் உதறினேன். நீரஜா அவருக்கு என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் மாடி அறை காலியாக இருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கேதான் நில அளவை வரைபடங்களை வைத்திருக்கிறேன். ஆள் புழங்கினால் ஈரம் சேரும், பழைய காகிதத்துக்கு ஈரம் ஆகாது.

நவம்பரில் விடாமல் மழை. மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். நாலு நாள் இருந்தார். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். என் ஸ்வெட்டரை அவருக்குப் போட்டிருந்தார்கள். பொன்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள பத்தியே பேசிக்கினு இருந்தாரு சார்," என்றாள். "ஊட்டத்தான் இடிச்சானுங்க, மியூசியத்துல நம்ம பேரு கீது, அத எவனும் இடிக்க முடியாதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

டிசம்பர் நிகழ்ச்சிக்கு அறுபது நாற்காலியையும் நானே போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. செல்லியம்மன் திட்டுத் துணியை எடுத்து விரித்தேன், மறு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் அது சுருண்டு சுருண்டு வந்தது. நாலு பக்கமும் புத்தகங்களை வைத்து அழுத்தினேன். அவர் வரைந்த ஆறு பாதியில் நீல மை தீர்ந்து, அங்கிருந்து பச்சையில் ஓடியது. அதைப் பார்த்து அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, தரையில் உட்கார்ந்து அழுதேன். நீரஜா ஓடி வந்து என்ன என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "ஏன்னா, உங்கள யாராவது கேட்டாளா?"

"யாரும் கேக்கல."

"பின்ன ஏன்?"

வருடம் தப்பாக இருந்தது என்றேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பாதி துருவிய தேங்காயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரமே பெங்களூருக்கு ரயில் ஏறினாள். போன் செய்தால் எடுக்கிறாள், மாத்திரை போட்டுக்கொண்டேனா என்று மட்டும் கேட்கிறாள்.

இந்த இடத்தில் இரண்டாவது திருத்தம். பட்டியலையும் துணியையும் நான் முழுக்க ஒப்பிட்டேன், ஒரு வீட்டை மட்டும் ஒப்பிடுவது முறையில்லை. பதினொரு வீடுகளில் வருடம் மாறியிருந்தது. தங்கவேல் வீட்டிலும்தான். அந்தப் பதினொன்றில் நான் எழுதியது ஒரு வீட்டைப் பற்றி. மற்றப் பத்துக் குடும்பங்களும் பெரும்பாக்கத்தில் இருக்கின்றன. அவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கடிதம் நீண்டுவிடும் என்று நினைத்ததாக ஞாபகம்.

ஜனவரியில் பொன்மணி தமிழ்நிலாவோடு வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலை, பெண்ணும் கூடவே உட்காருகிறாள். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. உட்காரச் சொன்னேன், உடுப்பில் மீன் வாசம் அடிக்கும் என்று இருவரும் நின்றார்கள்.

"சார், திரும்பி மனு குடுத்தா பாப்பாங்களாம். நாங்க ரொம்ப வருசமா அங்கதான் இருந்தோம்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். மியூசியத்து லெட்டர்னா ஆபீசுல நம்புவாங்கன்றாங்க."

அது வாஸ்தவம்தான், நம்புகிறார்கள்.

எந்த வருடம் என்று எழுத வேண்டும் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "ஒம்போது," என்றாள். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இல்லாத வருடத்தை மியூசியம் எழுதித் தர முடியாது, உங்கள் அப்பாவே அதை விரும்பமாட்டார் என்றேன். ஆமாம், அவருடைய பெயரைச் சொன்னேன்.

"சரி சார்," என்றாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "துணியில எங்க ஊட்ட ஒரு தபா பாத்துட்டுப் போறோம்." விரித்துக் காட்டினேன். மறு முனையைத் தமிழ்நிலா பிடித்துக்கொண்டாள். தாத்தா வரைந்த சாக்குத் தொங்கும் வாசலை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். போகும்போது சுண்டல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மூன்றாவது திருத்தம், இதுதான் கடைசி. நகல் உங்களிடம் இருப்பதால் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். பட்டியலில் ஒரு எண் மாறும் என்றுதான் நினைத்தேன் என்று மேலே எழுதினேன். கடிதத்தின் கடைசி வரி அப்படிச் சொல்லவில்லை. 'மேற்படி சின்னப்பையன் கூறும் பிற தகவல்களையும் நம்பாமல் சரிபார்ப்பது நலம்.' அவருடைய வீட்டையும் மறு விசாரணைக்கு இழுத்தது அந்த வரி. பிற தகவல்கள் என்று எழுதும்போது எனக்கு அவருடைய வீடு நினைவில் இல்லை. படகுத்துறைதான் நினைவில் இருந்தது. பத்திரிகைப் படத்தை அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வாக்குக் கொடுத்தவன் நான், மீறியவன் நான். யாரும் கேட்காமல் போய்ச் சொன்னேன், பதினொன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அவர் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து செத்தது என் கடிதத்தால். இதைப் பொன்மணிக்குப் படித்துக் காட்டுங்கள். மேல்முறையீட்டில் இணைத்துக்கொள்ளுங்கள், முத்திரையும் வைத்திருக்கிறேன். நாற்காலி போடும் ஒவ்வொரு ஞாயிறும் வாசலைப் பார்க்கிறேன். இனி வரமாட்டார் என்பது தெரிந்தும் மூன்று மணிக்கு என் கண் அங்கே போகிறது. அந்த ஒரு மனிதரைத் தவிர இந்த ஊரில் என்னோடு துணி உதற யாரும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் திட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் இடித்துச் சமமாக்கியிருக்கிறார்கள். தங்கவேல் வீடு இருந்த இடத்தில், அரச மரத்துக்குப் பக்கத்தில், மண்ணைச் சுரண்டிய பள்ளத்தில் ஒரு கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இரும்பு வளையம். துருப்பிடித்து இற்றிருந்ததால் கையோடு வந்துவிட்டது. அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதிவேட்டில் ஏற்றவில்லை. கிடைத்த பொருளை ஏற்றாமல் வைத்திருப்பது இதுதான் முதல் தடவை.

பலகையை மாற்றிவிடலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு துறை மேற்கே இருந்தது என்று எழுதிவிட முடியாது, கீர்த்தி. கண்ணால் பார்த்தவர் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன், அப்படி யாரும் இப்போது உயிரோடு இல்லை.